முந்தியில் முடிந்த ஃபியூஸ் கட்டை

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு சுவிட்சுப் பெட்டிக்குள் அகலமாக ஒரு ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அது விழுந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பேரனைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்வீர்கள். மறுபடியும் விழுந்தால் திட்டுவீர்கள். மூன்றாம் தடவை விழுந்தால் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவீர்கள். அந்த ஒரு ஐப்பசி மாதத்தை மட்டும் நான் பார்த்திராவிட்டால் நானும் உங்களைப் போலத்தான் இருந்திருப்பேன்.

போன வாரம் திண்டுக்கல்லில் என் மகன் வீட்டில் இதே கூத்து. ஹீட்டரைப் போட்டால் போதும், சுவிட்ச் டப்பென்று விழுகிறது. வீட்டில் ஒருத்தரும் குளிக்கவில்லை, எல்லாரும் துண்டும் கையுமாக நிற்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வந்தான். மகன் அவனிடம், "இந்த ட்ரிப் சுவிட்சக் கழட்டிட்டு லைன நேரா குடுத்துருங்க தம்பி, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றான். எனக்கு வந்ததே கோபம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். "ஹீட்டரக் கழட்டிப் பாக்காம இதுல கை வச்சீகன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்" என்றேன். மகன் சிரித்துக்கொண்டே அவனிடம், "அம்மாவுக்குக் கரண்டுன்னாலே பயம், கண்டுக்காதீங்க" என்றான்.

பயமாவது மண்ணாவது. வீட்டுக் கரண்டையே முந்தியில் முடிந்துகொண்டு தூங்கினவள் பெற்ற மகள் நான். அந்தக் கதையை அவனுக்குச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், உட்காருங்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. சின்னாளபட்டியில் எங்கள் வீடு. முன் அறையில் தறி, பின்னால் தாழ்வாரம், அதையும் தாண்டினால் சாயக் கொட்டகையும் கிணறும். வீட்டில் நாலே பேர்: பெரியப்பா, அப்பா, அம்மா, நான். அப்பாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவரைப் பெற்றவர்கள் போய்விட்டார்கள். தம்பியை வளர்ப்பதற்காகவே பெரியப்பா கல்யாணம் கட்டவில்லை என்று தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. "தம்பி சாப்டானா?" என்று கேட்காமல் அவர் கை சோற்றில் இறங்கி நான் பார்த்ததில்லை.

சாயத்தில் அவர் ராஜா. நூலை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார். இன்னும் எத்தனை முக்கு வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவருடைய விரல் ரேகைக்குள் அரக்குச் சிவப்பு ஓடிக்கொண்டே இருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. இப்படி ஒரு தொழிலில் கரை கண்டவர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கவனித்திருப்பீர்கள். தெரியாததையும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு, அதாவது கணவனுடைய அண்ணனோடு, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே பத்து வருஷம் இருந்தும் அம்மாவும் பெரியப்பாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும். "பெரியப்பாவச் சாப்பிட வரச் சொல்லுத்தா" என்பாள் அம்மா. அவர் நாலடி தள்ளித்தான் இருப்பார், காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. "செத்த நேரம் ஆகும்னு சொல்லுத்தா" என்பார். அதை நான் நாலடி திரும்பி நடந்து வந்து சொல்ல வேண்டும். ஒரு நாள் சலித்துப்போய் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்து சோறும் வெஞ்சனமும் ஆறிப்போனதுதான் மிச்சம்.

புரட்டாசிக் கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தது. வயர் இழுக்க வத்தலக்குண்டிலிருந்து பஸ்சில் ஒருத்தர் வந்தார். நாங்கள் அவரை வயர்மேன் என்றே கூப்பிட்டோம். தோளில் காக்கிப் பை, காலில் தடித்த ரப்பர் செருப்பு. மூன்று நாள் வேலை. சுவரோடு சுவராகத் தேக்குப் பட்டை அடித்து, அதன்மேல் வயரை வைத்து, தகரக் கிளிப்பை மடக்கி மடக்கிக் கொண்டுபோனார். தேக்குத் தூள் வாசமும் புது சுவிட்சின் வாசமும் வீடு முழுக்க இருந்தன. சாய வாடையிலேயே வளர்ந்த எனக்கு அது பண்டிகை வாசம் மாதிரி இருந்தது. கிணற்றடிக்கு எதிர்மூலையில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டி, ஒரு பைப்பை நட்டு, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். எர்த்துக் குழியாம். "சாயத்துக்கு வாங்கி வச்ச உப்ப மண்ணுல கொட்டுறானே" என்று பெரியப்பா வயிறு எரிந்தார்.

அந்த வயர்மேனுக்கு ஒரு பழக்கம். கரண்டு இருக்கிற இடத்தில் வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அப்பா ஏன் என்று கேட்டார். "ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா ஓடும்ணே. ஒரு கைய வீட்டுல சம்சாரத்துக்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்னு வச்சுக்கங்க" என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. வீட்டுத் தலைவர் என்ற முறையில் பெரியப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெயின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். வயர்மேன் அவரைப் பார்த்து, "இந்த வீட்டுல ராத்திரி கடைசியா அடுப்ப அணைக்கிறது யாருங்கய்யா?" என்று கேட்டார். இதென்ன கேள்வி என்று எல்லாரும் முழித்தோம். அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவுகளக் கூப்பிடுங்க. நான் வேல பாத்த எந்த வீட்டுலயும் இப்பிடித்தான். நெருப்ப அணைச்சுட்டுத் தூங்குற கையிலதான் ஃபியூஸக் குடுப்பேன்."

அம்மா வந்தாள். பெரியப்பா முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயர்மேன் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற கட்டை. இரண்டு பக்கமும் பித்தளைக் காது, நடுவில் முடி மாதிரி ஒரு கம்பி.

"தங்கச்சி, மெயின அமத்திட்டுத்தான் இதத் தொடணும். கை ஈரமா இருக்கக் கூடாது, கால் வெறுந்தரையில நிக்கக் கூடாது. இந்த அட்டையில சுத்தியிருக்க கம்பியத்தான் கட்டணும், அதுவும் ஒத்த இழை. எல்லா லைட்டையும் அமத்திட்டு மீட்டர் தட்டப் பாருங்க. நின்னா நல்லது. சுத்துச்சுன்னா எங்கயோ கரண்டு கசியுதுன்னு அர்த்தம். அப்புறம், ஃபியூஸ் போச்சுன்னா என்னையத் திட்டாதீக. அது போனதாலதான் நாம இருக்கோம்னு நெனச்சுக்கங்க."

பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, "அய்யா, பட்டையில மட்டும் ஆணி கீணி அடிச்சுராதீக" என்றார். பெரியப்பா அதற்குள் தறிப் பக்கம் போய்விட்டார். அம்மா ஸ்டூலில் ஏறி, கட்டையை மூன்று தடவை கழற்றி மூன்று தடவை மாட்டிக் காட்டினாள். வயர்மேன் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். அவர் தெரு முனை தாண்டியதும், "பொம்பள கையில கரண்டக் குடுத்துட்டுப் போறான் பாரு, அரைகுறை" என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. வானமோ விடாமல் தூறுகிறது. நூல் காய்வதற்கு இன்னும் ஒரு கொடி வேண்டும் என்று பெரியப்பா துருப்பிடிக்காத ஜிஐ இரும்புக் கம்பி எடுத்தார். ஒரு முனையைக் கிணற்றடி இரும்புத் தூணில் கட்டினார். இன்னொரு முனைக்குத் தாழ்வாரச் சுவரில் ஆணி அடித்தார். மண் சுவர், நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தார். வழவழவென்று தேக்குப் பட்டை ஓடுகிறது. அதில் ஒரு பெரிய ஆணியை அடித்தார். "கிண்ணுன்னு நிக்கிது பாருலே" என்று அப்பாவிடம் காட்டினார். அண்ணன் செய்தால் அப்பாவுக்கு எல்லாம் சரிதான்.

அதற்குப் பிறகுதான் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பட்டென்று ஒரு சத்தம், வீடு இருட்டு. பெரியப்பா தறியிலிருந்தபடியே வயர்மேனின் குலத்தையே இழுத்துத் திட்டுவார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, மெயினை அமத்தி, அட்டையிலிருந்து ஒற்றை இழை எடுத்துக் கட்டுவாள். ஐந்து தடவை கட்டினாள். ஐந்தாவது தடவை கிணற்றடியில் வைத்து என்னிடம் சொன்னாள். "கம்பியில நூல் காயப் போட்ட அன்னைக்கு மட்டுந்தான் ஃபியூஸ் போகுது. வெறுங்கம்பியா கெடந்தாப் போறதில்ல. இதச் சொல்லி, வயர்மேன வரச் சொல்லி பெரியப்பாகிட்டச் சொல்லுத்தா."

எனக்குத் தெருவில் நொண்டி விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. ஓடுகிற ஓட்டத்தில் தறிக்குப் பக்கத்தில் நின்று, "வயர்மேன வரச் சொல்லணுமாம்" என்று பின்பாதியை மட்டும் கத்திவிட்டு ஓடிவிட்டேன். முன்பாதிதான் முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? "இதுக்கெல்லாமா வயர்மேன்? வேற வேல இல்லைன்னு சொல்லு" என்று பதில் வந்தது. அதைப் பொறுப்பாக அம்மாவிடம் சேர்த்தேன்.

அந்த வாரம் அப்பா நூல் வாங்க மதுரைக்குப் போனார். இரண்டு நாள் ஆகும். அவர் போன அன்று சாயங்காலம் மறுபடியும் பட்டென்று போயிற்று. அம்மா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். பெரியப்பா தறியில், சேலையில் ஜரிகைக் கரை பாதியில் நிற்கிறது. ஃபியூஸ் கம்பி அட்டை அடுப்படியில் இருந்தது. தம்பி பெண்டாட்டி புழங்குகிற அடுப்படிக்குள் அவர் கால் வைக்க மாட்டார். என்னை எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அந்த வயர்மேன் கொடுத்த கம்பி. அவருக்கு அது வேண்டாம்.

"ஏத்தா, ஒன் டப்பாவக் கொண்டா" என்றார்.

என்னிடம் ஒரு பவுடர் டப்பா இருந்தது. தறியில் அறுந்து விழுகிற ஜரிகைத் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, உடைந்த வளையல் துண்டில் சுற்றி அதில் வைத்திருந்தேன். என் மரப்பாச்சிக்குச் சேலைக்கரை, ஒட்டியாணம் எல்லாம் அதில்தான். அந்த டப்பா எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை, இப்போதும் நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. பெரியப்பா அதிலிருந்து எட்டு இழை எடுத்தார். தொடையில் வைத்து ஒரே உருட்டு, பருத்த முறுக்காகிவிட்டது. "இதுவுங் கம்பிதான, வெள்ளியும் செம்பும். அவன் குடுத்த கம்பிய விட ஒசத்தி" என்று சொல்லிக்கொண்டே மெயினை அமத்தி, கட்டையில் கட்டி மாட்டினார். கிணற்றடிக் கம்பியில் கிடந்த நூலையும் எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்து மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது.

என் ஜரிகையில் எரிகிற விளக்கு! அன்று பல்பு எப்போதையும் விடத் தங்க நிறமாக எரிந்ததாக எனக்குப் பட்டது. "ஒங்கம்மாகிட்ட மூச்சு விடாத" என்றார் பெரியப்பா. நானும் விடவில்லை.

மறுநாள் காலை நூலைக் கம்பியில் போட வேண்டியது அம்மா. வழக்கமாக அப்பாதான் போடுவார். ஆறடி ஆள், வெறுங்காலோடு சேற்றில் நின்றபடி, கை நீட்டினால் கம்பி எட்டும். சாயத் தண்ணீரும் உப்பும் ஊறி அந்த இடம் எப்போதும் சொதசொதவென்றிருக்கும். அம்மா குள்ளம். தெருப் பெண்கள் அவளை "அரைப்படி" என்று கேலி செய்வார்கள். அவள் மர ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் ஏறி, ஈர நூல் சிட்டங்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் தொங்கவிட்டாள். நான் கீழே நின்று கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏழாவது சிட்டமோ எட்டாவதோ, சட்டென்று கையை உதறினாள்.

"என்னம்மா?"

"சுரீர்ங்குது. தள்ளி நில்லு நீ. தள்ளுன்னா தள்ளு!"

ஸ்டூலிலிருந்து ஒரு பக்கமாகக் குதித்து, என்னை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மூன்று விளக்குகளையும் என்னைப் பார்க்கச் சொன்னாள். மூன்றும் அமந்துதான் இருந்தன. மீட்டருக்கு முன்னால் போய் நின்றாள். சிவப்புப் பொட்டு வைத்த அந்தத் தட்டு விறுவிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை, கரண்டு மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. கை ஈரத்தைத் துடைத்தாள். உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டு ஏறி, மெயினை அமத்தி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

பிரித்துப் பார்த்தாள். ஜரிகை. எங்கள் வீட்டில் வளையல் துண்டில் சுற்றிச் சுருண்டு கிடக்கிற ஜரிகை ஒரே டப்பாவில்தான் உண்டு. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டையை முந்தியில் வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததுதான் சண்டை. உலகத்திலேயே அப்படி ஒரு சண்டை நடந்திருக்காது. சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

"ஃபியூஸ மாட்டச் சொல்லு ஒங்கம்மாவ."

"மாட்ட முடியாதுன்னு சொல்லுத்தா. வயர்மேன் வந்து பாத்தாத்தான்."

"தீவாளிக்குப் பதினோரு நாள்தான் இருக்குன்னு சொல்லு. இருட்டுல ஒக்காந்து எவன் நெய்யுறது?"

"கம்பியில கரண்டு வருதுன்னு சொல்லு."

"கம்பியில எப்பிடி வரும்? கிறுக்கு. ஈரக் கை மரத்துப் போயிருக்கும். பொம்பளைக்கு எல்லாத்துக்கும் பயம்னு சொல்லு."

நான் நடந்து நடந்து கால் வலித்தது. சாயங்காலம் அப்பா நூல் மூட்டையோடு நனைந்துகொண்டு வந்தார். வீடு இருட்டு. விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம் கெஞ்சினார். "அண்ணன் மனசு நோகுது. குடுத்துரு. காலையில நான் போயி நூலப் போட்டுக்கிறேன், எனக்கென்ன பயம்?" அதைக் கேட்டதும் அம்மா முந்தியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று படுத்தபோது நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பீங்கான் கட்டை என் கன்னத்தில் சில்லென்று இடித்தது.

விடிந்ததும் பெரியப்பாவின் பொறுமை போய்விட்டது. ஒரு துண்டு செம்புக் கம்பியை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டார். "அவ கட்டை அவகிட்டயே இருக்கட்டும். நான் ரெண்டு முனையையும் நேரா முறுக்கி விட்டுர்றேன். தம்பி, நீ போயி நூலப் போடு" என்றார். அப்பா கூடையைத் தூக்கினார்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அம்மா இப்போது ஏதாவது சொல்லி அனுப்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு வெளியே வந்தாள். முன் அறைக்கு வந்து, ஸ்டூலுக்கு நேர் எதிரில், தலையைக் குனியாமல் நின்றாள்.

"நீங்க அத முறுக்கினா, அந்தக் கம்பியத் தொடப் போறது உங்க தம்பி" என்றாள். "நான் ஸ்டூல்ல நின்னேன், பொழச்சேன். அவரு சேத்துல நிப்பாரு."

பத்து வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. சத்தம் போடவில்லை. அப்பா கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் காலைப் பார்த்தார், வெறுங்கால். செம்புக் கம்பியைக் கீழே போட்டார். ஸ்டூலிலிருந்து இறங்கினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காப்பி கூடக் குடிக்காமல் வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறிப் போய்விட்டார். தான் அரைகுறை என்று சொன்ன ஆளைத் தானே தேடிப் போவதென்றால், அந்த மனுஷனுக்கு அது என்ன லேசா?

மத்தியானத்துக்கு வயர்மேனோடு வந்தார். வயர்மேன் முதலில் அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா சொன்னாள்: நூல் போட்ட நாளில்தான் ஃபியூஸ் போனது, விளக்கு எரியாமலே தட்டு சுற்றியது, கை சுரீரென்றது. வயர்மேன் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டார். கட்டையை வாங்கி, ஜரிகையைப் பார்த்தார்.

"யாரு இதக் கட்டுனது?"

நான் சாயத் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"நாந்தேன்" என்றார் பெரியப்பா. "தறியடியில கெடந்துச்சு, எடுத்துக் கட்டுனேன்."

என் பெயரே வரவில்லை. பொய்யே சொல்லாத மனுஷன் எனக்காக ஒரு பொய் சொன்னார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

வயர்மேன் எங்கள் எல்லாரையும் தாழ்வாரத்துக்குள் நிற்கச் சொன்னார். கம்பியில் நேற்றைய நூல் ஈரத்தோடு அப்படியே தொங்கியது. ஜரிகைக் கட்டையையே மாட்டி மெயினைப் போட்டார். பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார், அதிலிருந்து இரண்டு வயர் நீண்டிருந்தது. ஒரு முனையை எர்த்துப் பைப்பில் கட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு முனையை நூல் காய்கிற கம்பியில் வைத்தார்.

பல்பு எரிந்தது.

பட்டப் பகலில், வானத்துக்குக் கீழே, அப்பா தினமும் தொடுகிற கம்பியிலிருந்து ஒரு பல்பு எரிந்தது. வயர்மேன் மெயினை அமத்திவிட்டு வந்து ஆணியைக் காட்டினார். பட்டையில் அடித்த ஆணி உள்ளே வயர்மேல் உரசி நிற்கிறது. வெறுங்கம்பியாக இருக்கும்போது ஒன்றுமில்லை. ஈர நூலின் பாரம் இழுத்தால் ஆணி சாய்ந்து வயரைக் கடிக்கிறது. "ஒவ்வொரு தடவையும் ஃபியூஸ் தன் உயிர விட்டு ஒங்களக் கூப்பிட்டிருக்கு. அத வாயக் கட்டி வச்சுட்டீகளே அய்யா" என்றார். ஒற்றை இழை கட்டி மறுபடி மெயினைப் போட்டார். பட்! போயிற்று. இந்தத் தடவை யாரும் திட்டவில்லை.

பெரியப்பா கிணற்றடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயக் கையால் கண்ணைத் துடைத்ததில் அவர் முகமெல்லாம் சிவப்பாயிற்று. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே ஆணி போயிற்று, இரும்புக் கம்பியும் போயிற்று. சுவரை விட்டுத் தள்ளி இரண்டு மரத்தூண் நட்டுக் கயிறு கட்டினார்கள். வயர்மேன் கடிபட்ட வயரை மாற்றினார். போகும்போது அம்மாவுக்குக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். தன் வயதுக்காரிக்கு ஓர் ஆம்பளை கும்பிடு போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பெரியப்பா நூல் கூடையோடு கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வந்தார். அடுப்படிக்கு நாலடி தள்ளி நின்றார். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தாயி, போடலாமா?" என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து விளக்குகளைப் பார்த்தாள், மீட்டர் தட்டைப் பார்த்தாள். "போடலாம்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இது நடந்தது. கயிற்றில் எங்கே கரண்டு வரப்போகிறது? இருந்தாலும் கேட்பார். மற்ற பேச்செல்லாம் பழையபடி என் வழியாகத்தான். நான் கல்யாணமாகிப் போகும்வரை சாப்பாட்டுக்குக் கூப்பிட நாலடி நடந்துகொண்டுதான் இருந்தேன். இந்த ஒரு கேள்வி மட்டும் நேருக்கு நேர்.

ஜரிகையைப் பற்றி அம்மா என்னிடம் கடைசிவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாள் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "அது யாரு ஜரிகைன்னு..." என்று ஆரம்பிப்பதற்குள், "ஒன் மரப்பாச்சிக்குத்தான் அந்த வருசம் ஒட்டியாணம் இல்லாமப் போச்சு, பாவம்" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்தோம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போன வாரம் அந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஹீட்டரைக் கழற்றினான். உள்ளே சூடேற்றும் கம்பிச் சுருள் வெடித்துத் தண்ணீருக்குள் கரண்டு இறங்கிக்கொண்டிருந்தது. மகன் முகத்தில் ஈயாடவில்லை. குளிக்க முதலில் உள்ளே போகவிருந்தது என் பேத்தி. நான் நாற்காலியை விட்டு எழுந்துபோய்க் காப்பி குடித்தேன். எனக்கு அப்போது பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

அவர் கடைசி மாசம் கட்டிலில்தான் கிடந்தார். நூலை அப்பாதான் போடுவார். ஆனாலும் கேள்வி கட்டிலிலிருந்து வரும், "தாயி, போடலாமா?" அம்மா பதில் சொல்வாள், அப்பா கூடையை எடுத்துக்கொண்டு போவார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் நான் அங்கேதான் இருந்தேன். விடிந்து வெகுநேரமாகியும் அப்பா கிணற்றடியிலேயே நின்றுகொண்டிருந்தார். கூடையில் ஈரச் சிட்டங்களிலிருந்து சிவப்புச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றையும் எடுத்துப் போடவில்லை. அடுப்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா வெளியே வந்தாள். யாரும் கேட்கவில்லை. விளக்குகளைப் பார்த்தாள். மீட்டருக்கு முன்னால் போய் நின்றாள், தட்டு அசையாமல் நின்றது. காலியான கட்டில் பக்கம் திரும்பி, முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போடலாம்" என்றாள்.